பிடிக்கலாம், கட்டிவைத்து அடிக்கக் கூடாது: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் குடியிருப்போர் நலச் சங்கங்கள், வணிகர் சங்கங்கள், காவலாளிகளைப் பணிக்கு அனுப்பும் தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

திருட வந்தவன் கையில் சிக்கினால் போலீஸ் வரும்வரை நாமே பிடித்து வைக்கலாமா என்ற கேள்வி உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. பிடிக்கலாம். சட்டமே அதற்கு அனுமதி தருகிறது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவாக இருந்தது. ஆனால் அந்த அனுமதி நீங்கள் நினைப்பதைவிட மிகச் சிறியது. அதைத் தாண்டினால் பிடித்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்காடும் நாங்கள் இந்த மடலை எழுதுவது அதனால்தான்.

பிரிவு சொல்வது இதுதான். ஒருவர் உங்கள் முன்னிலையில் ஒரு குற்றம் செய்திருக்க வேண்டும். அந்தக் குற்றம் போலீஸார் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடியதாகவும், ஜாமீனில் விட முடியாத வகையாகவும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. அல்லது அவர் தலைமறைவானதால் நீதிமன்றத்தால் ‘பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி’ என அறிவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். காவல் நிலையச் சுவரில் படம் ஒட்டியிருப்பதும், வாட்ஸ்அப்பில் ‘இவரைத் தேடுகிறார்கள்’ என்று ஒரு முகம் சுற்றுவதும் பிரகடனம் ஆகாது. அப்படிப்பட்டவரைக் கண்டால் தகவல் சொல்லுங்கள், தொடாதீர்கள். பிடித்த பிறகு தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், அவரைப் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். காவலர் யாரும் இல்லாத இடமானால் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 6 மணி நேரம் என்ற வரம்பு பழைய சட்டத்தில் இல்லை, புதிதாக வந்தது.

‘முன்னிலையில்’ என்பதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. நேற்று இரவு சைக்கிள் காணாமல் போனது. இன்று காலை சிசிடிவி பதிவைப் பார்க்கிறீர்கள். மாலையில் அதே சட்டை போட்ட ஒருவர் தெருவில் வருகிறார். அவரைப் பிடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. குற்றம் உங்கள் முன் நடக்கவில்லை, பதிவில்தான் பார்த்தீர்கள். பதிவைக் காவல் நிலையத்தில் கொடுங்கள், ஆள் இப்போது எங்கே நிற்கிறார் என்று சொல்லுங்கள், அவ்வளவே. இன்னொருவர் சொன்னதை நம்பிப் பிடிப்பதும் இப்படித்தான். கண்ணால் பார்த்தவர் பிடிக்கலாம், அவர் சொல்லி அவருடன் சேர்ந்து மற்றவர்களும் பிடிக்கலாம். ‘யாரோ திருடன் என்று கத்தினார்கள்’ என்பதை நம்பி ஓடி வந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது சந்தேகமே.

எந்தக் குற்றத்துக்குப் பிடிக்கலாம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அதே சன்ஹிதாவின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே 4-ஆம் நெடுவரிசையில் பிடியாணை வேண்டுமா வேண்டாமா என்றும், 5-ஆம் நெடுவரிசையில் ஜாமீன் உண்டா இல்லையா என்றும் எழுதியிருக்கிறது. சங்க அலுவலகத்தில் அதன் சில பக்கங்களை அச்சிட்டு வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். உங்கள் வளாகங்களில் நடக்கக்கூடியவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம். சங்கிலிப் பறிப்பு, வழிப்பறி, கொள்ளை, பூட்டை உடைத்து வீடு புகுதல், வீட்டுக்குள் திருடுதல், ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் அவரைத் தாக்குதல் ஆகியவை இரண்டு நிபந்தனைகளுக்கும் பொருந்துகின்றன. நேரில் கண்டால் பிடிக்கலாம்.

பொருந்தாதவற்றின் பட்டியல்தான் உங்களை வியக்க வைக்கும். கைகலப்பில் ஒருவருக்குச் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது பிடியாணை தேவைப்படும், ஜாமீன் தரக்கூடிய குற்றம். அனுமதியின்றி வளாகத்துக்குள் நுழைவதும், சும்மா வீட்டுக்குள் புகுவதும் ஜாமீன் தரக்கூடியவை. பொது வழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவது ஜாமீன் தரக்கூடியது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதும், 5 ஆண்டு வரை தண்டனை இருந்தாலும், ஜாமீன் தரக்கூடியதுதான். ஆகவே விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநரை வண்டியிலிருந்து இழுத்துப்போட்டு அடைத்து வைக்க எவருக்கும் சட்டம் அனுமதி தரவில்லை. வண்டி எண்ணைக் குறியுங்கள், அடிபட்டவரைக் கவனியுங்கள். குடித்துவிட்டு ஓட்டியவரைப் பிடியாணையின்றிக் கைது செய்ய மோட்டார் வாகனச் சட்டம் சீருடையில் இருக்கும் காவலருக்கு மட்டுமே அதிகாரம் தருகிறது.

கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் திருட்டு என்றால் எவ்வளவு சிறிய பொருளானாலும் ஜாமீனில் விட முடியாத குற்றம். அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் நிலைமை மாறிவிட்டது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. அட்டவணையில் இந்தச் சிறு திருட்டு பிடியாணை தேவைப்படும், ஜாமீன் தரக்கூடிய குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு ஷாம்பு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பில் போடாமல் வெளியேறும் ஆளை 40-ஆம் பிரிவைக் காட்டிப் பிடித்து வைக்க முடியாது என்பதே இதன் நடைமுறை விளைவு.

இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதே சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவு, மனிதர் வசிக்கும் கட்டடத்தில் மட்டுமல்லாமல், பொருள்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டையும் 7 ஆண்டு வரை தண்டனை உள்ள கடும் குற்றமாக வைக்கிறது. கடையும் அப்படிப்பட்ட கட்டடம்தான் என்று வாதாடலாம். அந்த வாதத்தை வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வைக்கட்டும். உங்கள் காவலாளி அதை நம்பி இரவு 9 மணிக்கு ஒருவர் கையைப் பிடித்து முறுக்கக் கூடாது. வாதம் தோற்றால் சட்டவிரோதமாக அடைத்து வைத்த வழக்கு காவலாளி மீதும், உத்தரவு போட்ட மேலாளர் மீதும் வரும்.

அப்படியானால் பொருளை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவதா? இல்லை. கைது செய்யும் அதிகாரம் வேறு, தற்காப்பு உரிமை வேறு. உடைமையைக் காக்கும் உரிமை சிறு திருட்டுக்கும், அத்துமீறலுக்கும் உண்டு, அதில் 5,000 ரூபாய் வரம்பு கிடையாது. திருடியவர் பொருளோடு தப்பிச் செல்லும்வரையோ, போலீஸ் உதவி கிடைக்கும்வரையோ, பொருள் மீளும்வரையோ அந்த உரிமை தொடர்கிறது. எனவே பையைப் பிடித்துக்கொள்ளலாம், வாசலில் வழிமறித்துப் பொருளைத் திருப்பித் தரச் சொல்லலாம், மறுத்தால் அதை மீட்கத் தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம். பொருள் கைக்கு வந்த கணமே அந்த உரிமை முடிந்துவிடும். அதன் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் தனிக் குற்றம். கடைத் திருட்டில் நாங்கள் கொடுக்கும் அறிவுரை இவ்வளவுதான்: பொருளை மீட்டெடுங்கள், 112-ஐ அழையுங்கள், போலீஸ் வரும்வரை இருக்கச் சொல்லுங்கள். மதிப்பு தெளிவாக 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து அவர் போக முயன்றால் போகவிட்டு, கேமரா பதிவோடு புகார் கொடுங்கள்.

இனி, உண்மையிலேயே பிடிக்கத்தக்க குற்றம் உங்கள் கண் முன் நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூட்டை உடைத்து உள்ளே வந்தவரை மாடிப்படியில் இருவர் மறித்துவிட்டார்கள். முதலில் வாயால் சொல்லுங்கள்: “பூட்டை உடைச்சு உள்ள வந்ததை நாங்க பார்த்தோம். போலீஸுக்குச் சொல்லியாச்சு. அவங்க வர்ற வரைக்கும் உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கோம்.” இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. பிடியாணையின்றிக் கைது செய்யும் எவரும், காவலரோ பொதுமக்களோ, கைதுக்கான காரணத்தை உடனே தெரிவிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் சொல்லுக்கோ சைகைக்கோ இணங்கி உட்கார்ந்துவிட்டால் கை வைக்கவே தேவையில்லை, சட்டப்படி கைது முடிந்துவிட்டது. முரண்டு பிடித்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் தப்பிப் போகாமல் தடுக்க எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து எதிரே இருவர் நின்றால் அது போதுமான கட்டுப்பாடு. மின்கம்பத்தில் கட்டி வைப்பது கட்டுப்பாடு ஆகாது, தண்டனை கொடுப்பது ஆகும். தண்டிக்க உங்களுக்கு எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை.

கையில் கத்தி, கடப்பாரை இருந்தால் வாங்கி வைக்கலாம், வாங்கியதைப் போலீஸாரிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்கு 50-ஆம் பிரிவு வெளிப்படையாகவே அனுமதி தருகிறது. ஆனால் சட்டைப் பையைத் துழாவுவது, பர்ஸைத் திறப்பது, செல்போன் பூட்டைத் திறக்கச் சொல்லிப் படங்களைப் பார்ப்பது எல்லாம் கூடாது. பொதுமக்கள் பிடித்த ஆளைச் சோதனையிடும் அதிகாரம், அவரைப் பெற்றுக்கொள்ளும் காவல் அதிகாரிக்கே உண்டு என்று 49-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் துழாவி எடுத்த நகையை ‘இவர்களே வைத்தது’ என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, பதில் சொல்வது மிகக் கடினம்.

உயிர் போகும் இடம் ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிடிபட்டவரைக் குப்புறத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி, முதுகிலோ கழுத்திலோ ஒருவர் ஏறி உட்காருவது பலரும் செய்வது. ஓடிக் களைத்தவருக்கு அந்த நேரத்தில் மூச்சு அதிகம் வேண்டும். மார்பு தரையோடு நசுங்கியிருப்பதால் விலா எலும்புகள் விரிய இடமில்லை. மூச்சுக்காக உடலை உந்துகிறார், அதைத் திமிறல் என்று நினைத்து இன்னும் அழுத்துகிறார்கள். சில நிமிடங்களில் அவர் அசைவற்றுப் போகும்போது ‘அடங்கிவிட்டான்’ என்று நினைக்கிறார்கள். மது அருந்தியிருந்தாலோ, உடல் பருமனாக இருந்தாலோ ஆபத்து இன்னும் அதிகம். குப்புற விழுந்தவரை உடனே பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பிறகு உட்காரவையுங்கள். ‘மூச்சு முட்டுது’ என்றால் நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். மயங்கினால் 108-ஐ அழையுங்கள்.

பிடித்த அடுத்த நிமிடத்தில் 112-க்கோ 100-க்கோ அழைப்பு போயிருக்க வேண்டும். சங்கச் செயலாளர் வரட்டும், அவர் முடிவு செய்யட்டும் என்று காத்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் விளக்கம் கேட்பார்கள். 6 மணி நேரம் என்பது கடைசி எல்லை. நகரத்துக்குள் 6 மணி நேரம் வைத்திருந்தால் அதைத் தேவையற்ற தாமதம் என்றே நீதிமன்றம் பார்க்கும் என்பது எங்கள் கருத்து. பிடிபட்டவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிவிக்கும் கடமையும் 48-ஆம் பிரிவின்படி கைது செய்தவருக்கு உண்டு. இதை அநேகமாக யாரும் செய்வதில்லை. ஒரு போன் அழைப்புதான், செய்துவிடுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு தாள் எழுதுங்கள், இரண்டு பிரதிகளாக. குற்றத்தைப் பார்த்தவர் யார், என்ன பார்த்தார், எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள், எப்போது அழைத்தீர்கள், என்ன ஆயுதம் வாங்கி வைத்தீர்கள், அவர் உடலில் அப்போது தெரிந்த காயங்கள், ஒப்படைத்த நேரம், பெற்றுக்கொண்ட அதிகாரியின் பெயர், பதவி, கையொப்பம். காயங்களைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். கைதானவரை மருத்துவர் பரிசோதிப்பது 53-ஆம் பிரிவின்படி கட்டாயம், அங்கே ஒவ்வொரு வீக்கமும் பதிவாகும். பார்த்தவர் பெயரில் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) தந்தாலும் எஃப்ஐஆர் பதிவாகும்வரை பின்தொடருங்கள். எஃப்ஐஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம். கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அன்றே தனியாக எடுத்து வையுங்கள்.

பெண்ணைப் பிடிக்க நேர்ந்தால் வாயால் சொன்னாலே அவர் இணங்கியதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆண்கள் தொடாதீர்கள். சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யப் போலீஸாரே, அதுவும் பெண் அதிகாரியே, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. உங்கள் காவலாளி அந்த நேரத்தில் தானாக எதுவும் செய்யாமல், கண்காணித்து 112-ஐ அழைப்பதே சரி. 18 வயதுக்குக் கீழானவர் போலத் தெரிந்தால் போலீஸாரோடு குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

சில கடைகளிலும் வளாகங்களிலும் உள்ள ‘பின் அறை’ வழக்கத்துக்கு வருகிறோம். பிடித்தவரை உள்ளே உட்காரவைத்து, ‘இதற்கு முன்னும் பலமுறை எடுத்திருக்கிறேன்’ என்று எழுதி வாங்குவது, பத்து மடங்கு பணம் கட்டினால் போலீஸுக்குச் சொல்லமாட்டோம் என்பது. அடைத்து வைத்துப் பணம் பறிப்பதும், ஒப்புதல் வாக்குமூலம் பறிப்பதும் நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் தனித்தனிக் குற்றங்கள், தலா 3 ஆண்டு வரை சிறை. சாதாரணமாக அடைத்து வைத்ததற்கே ஓராண்டு. எழுதி வாங்கிய தாள் திருட்டு வழக்கில் உங்களுக்கு உதவாது. உங்கள் மீதான வழக்கில் எதிர்த்தரப்புக்கு முதல் ஆவணமாக உதவும்.

கூட்டம் கூடிவிட்டால் மேலே சொன்ன எதுவும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த குடும்பத்தைக் கடத்தல்காரர்கள் என்று நினைத்து ஊரே அடித்தது, ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், உணவுப் பொருள் திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் கையைக் கட்டி நடத்திவந்து போலீஸில் ஒப்படைத்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். ஒப்படைத்தோம் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. 2023 ஏப்ரலில் மண்ணார்காடு சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல் விதித்தது. பிடிபட்டவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்து, அதற்கு வெளியே உள்ளவர்கள் அவருக்கு மொட்டையடித்தால், செருப்பு மாலை போட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். உங்களில் ஒருவராவது ‘யாரும் அடிக்காதீங்க’ என்று சத்தமாகச் சொல்லி, பிடிபட்டவரை ஒரு அறைக்குள் அழைத்துப்போய்க் கதவருகே நிற்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

இவ்வளவு படித்த பிறகு, எதற்கு வம்பு, கண்ணை மூடிக்கொள்வோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்தவரைச் சட்டம் கைவிடுவதில்லை. நியாய சன்ஹிதாவின் 17-ஆம் பிரிவில் உள்ள எடுத்துக்காட்டே இதைப் பற்றியதுதான்: ஒருவர் கொலை செய்வதாகக் கண்ணால் கண்டு, அவரை அதிகாரிகளிடம் ஒப்படைப்பதற்காகப் பிடிக்கிறார் இன்னொருவர். பிறகு, பிடிபட்டவர் தற்காப்புக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று தெரியவருகிறது. பிடித்தவர் குற்றவாளி இல்லை என்கிறது சட்டம். ஒப்படைக்கும் நோக்கமும், நிதானமும், நேர்மையும் இருந்தால் தவறாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிப்பு உண்டு. அடித்ததற்கு இல்லை.

உங்களிடம் நாங்கள் கேட்பவை சில. ‘திருடர்கள் பிடிபட்டால் கட்டிவைத்து உதைக்கப்படும்’ என்ற பலகைகளை இந்த வாரமே இறக்குங்கள். நாளை ஒருவர் அடிபட்டு இறந்தால், அது திட்டமிட்ட செயல் என்று காட்ட அந்தப் பலகை போதும். அடுத்த செயற்குழுவில், பிடித்து வைக்க முடிவெடுப்பவர் யார், 112-ஐ அழைப்பவர் யார், தாள் எழுதுபவர் யார் என்று ஒவ்வொரு நேரப்பிரிவுக்கும் பெயர் குறித்து நிறைவேற்றுங்கள். காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்கள் 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவையா என்று பாருங்கள். சீருடை போட்டதால் காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் வந்துவிடாது, மற்ற எவருக்கும் உள்ள அதே 40-ஆம் பிரிவுதான் அவருக்கும். ஆனால் மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு இரவெல்லாம் விழித்திருக்கும் அந்த மனிதர்தான் உங்கள் உத்தரவுக்காக முதலில் கைதாவார். ‘யாரையும் அடிக்கவோ, சோதனையிடவோ, பின் அறையில் அடைக்கவோ உனக்கு உத்தரவு இல்லை, அப்படி யார் சொன்னாலும் கேட்காதே’ என்று ஒப்பந்தத்தில் தமிழில் ஒரு வரி சேர்த்து, அதை அவருக்குப் படித்துக் காட்டி, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்குகளில் பணிபுரியும் வழக்கறிஞர்கள் சிலர்